மேக்கப் போட்ட வீடு

"என்னங்க, இங்க வந்து பாருங்க! ஆளைக்கூட அலங்காரத்துக்குப் படுக்க வெச்சிருக்காங்க!"

படுக்கையறைக்குள் காலை வைத்ததும் சல்லடை அக்கா இப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து அப்புறம் பல நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அந்த நிமிஷம் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அறை அவ்வளவு அழகு. கட்டிலில் இளம்பச்சைப் பட்டுப் போர்வை. சின்னதும் பெரியதுமாக ஏகப்பட்ட தலையணைகள். ஜன்னலோரம் கண்ணாடிக் குடுவையில் வெள்ளைப் பூக்கள். தலையணைகளுக்கு நடுவில், போர்வை கழுத்துவரை மூடியிருக்க, ஒரு பெரியவர் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

பின்னால் வந்த புரோக்கர் எட்டிப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட ராமா, வீட்டுக்காரர்! இவரு நேத்தே பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கணுமே. சார், சார்! வீடு பார்க்க வந்திருக்காங்க, கொஞ்சம் எழுந்திரிங்க சார்."

தோளைத் தொட்டு உலுக்கினார். அடுத்த வினாடி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உடம்பு ஜில்லிட்டு விறைத்துக் கிடந்தது.

"அம்மா..." என்றார் சல்லடையைப் பார்த்து. கையிலிருந்த சாவிக்கொத்து தரையில் விழுந்தது.

கட்டிலுக்குப் பக்கத்துச் சின்ன மேஜையில் ஒரு கண்ணாடி டம்ளர். அடியில் காய்ந்துபோன பால். பாலுக்கு அடியில் வெள்ளையாக ஏதோ மாவு. சல்லடை அதைக் குனிந்து பார்த்தாள், தொடவில்லை. "போலீசுக்கு போன் போடுங்க," என்றாள்.

சல்லடை என்பது புரோக்கர் எரிச்சலில் வைத்த பெயர். அந்த அம்மாள் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். கூண்டில் ஏறி மனுஷர்கள் அவிழ்த்துவிடுகிற புளுகையெல்லாம் காலமெல்லாம் டக டக என்று அடித்துத் தள்ளிய விரல்கள். வேலையை விட்டதும் சொந்தமாக ஒரு வீடு வாங்க ஆசை வந்தது. ஆசையைவிடச் சந்தேகம் பெரிதாக வந்தது. குழாயைத் திறந்து பார்ப்பாள், சுவரைத் தட்டிப் பார்ப்பாள், அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பாள். விற்பனைக்கு வந்த வீடெல்லாம் சலித்தாயிற்று, ஒன்றும் தேறவில்லை. அவளுடைய கணவரோ பரம சாது. அவள் 'ம்' என்றால் 'ம்', 'ஊஹும்' என்றால் 'ஊஹும்'. மாமியார் வீட்டிலேயே அவரை 'ம் மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார்களாம்.

அன்று காலை பத்து மணிக்கு வாசலிலேயே புரோக்கர் சவால் விட்டிருந்தார். "இந்த வீட்டுல நீங்க ஒரு குத்தம் கண்டுபிடிச்சுட்டா நான் தொழிலையே விட்டுடறேன். ஸ்பெஷலா ஆள் வெச்சு ரெடி பண்ணியிருக்கு."

அந்த ஆள், வாசலில் ஒரு வேனுக்குள் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண். விற்கப் போகிற வீட்டை ஜோடிப்பது அவள் தொழில். வீட்டுக்காரர்களின் பழைய நாற்காலி, குடும்பப் போட்டோ, தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் பெட்டி கட்டி வெளியே எடுத்துவிடுவாள். தன்னிடம் இருக்கிற சோபா, விளக்கு, படம், பூச்சாடி எல்லாம் கொண்டுவந்து வைப்பாள். வருகிறவன் 'இது என் வீடு' என்று மயங்க வேண்டும். வீடு விற்றதும் தன் சாமானை வாரிக்கொண்டு போய்விடுவாள். வீட்டுக்கு மேக்கப் போடுகிறவள் என்பதால் எல்லாருக்கும் அவள் 'மேக்கப் பொண்ணு'.

சல்லடை மயங்குகிற ஜாதியா? சமையலறைக்குள் போனதும் தட்டிலிருந்த ஆப்பிளில் நகத்தை வைத்து அழுத்தினாள். மெழுகு. பிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே இருட்டு, பிளக் கழற்றிக் கிடந்தது. அடுப்பு பளபளவென்று மின்னியது, திருகினால் பற்றவில்லை. கீழே குனிந்தால் சிலிண்டரே இல்லை.

"நல்லாருக்கு! போட்டோவுக்கு நிக்கற மாப்பிள்ளை மாதிரி அடுப்பு. ஒரு டம்ளர் தண்ணி சுட வைக்க இந்த வீட்டுல வழி இல்ல."

"ம்," என்றார் கணவர்.

அங்கிருந்து ஹாலுக்கு வந்தார்கள். ஹாலில் நின்றால் படுக்கையறையும், கட்டிலின் கால்மாடும், ஜன்னலும், ஜன்னலுக்கு அப்பால் தோட்டமும் ஒரே ஓட்டமாகத் தெரிந்தன. அறை வாசலுக்கு இரண்டு பக்கமும் தரைவரை தொங்கும் கனமான திரை, நாடா போட்டு ஒதுக்கிக் கட்டியிருந்தது. சல்லடை திரைக்குப் பின்னால் கையை விட்டு நிலையைத் தடவினாள். புதுப் பெயின்ட் விரலில் ஒட்டியது. "இங்கயும் பூசி மறைச்சிருக்காங்க," என்று முணுமுணுத்தபடி விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன்.

பத்தரை மணிக்கெல்லாம் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். சின்ன வயசு, பெரிய அவசரம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் கேஸை முடித்துவிட வேண்டும் என்கிற நடை. கூடவே டாக்டரும் வந்து பார்த்தார்.

"தூக்க மாத்திரையா இருக்கும். கொஞ்ச நஞ்சம் இல்ல, நிறைய. நேத்து சாயங்காலமோ ராத்திரியோ போயிருக்காரு. மிச்சம் அறுத்துப் பார்த்துதான் சொல்ல முடியும்."

அக்கம்பக்கம் அதற்குள் ஹாலுக்குள் புகுந்துவிட்டது. ஒரு கான்ஸ்டபிள் அறை வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டு, "போங்கம்மா, போங்க சார், என்ன சினிமாவா?" என்று விரட்டிக்கொண்டிருந்தார். பார்த்த பேரெல்லாம் 'ஐயோ' என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். அத்தனை பேரும் பெரியவரை டிரில் மாஸ்டர் என்றே சொன்னார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் விசில் இல்லாமலே பிள்ளைகளை நிறுத்தின மனுஷர். அவர் 'சாப்பிட்டியா' என்று கேட்டாலே தெரு திரும்பிப் பார்க்குமாம்.

எதிர்வீட்டு அம்மாள் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். "நேத்து நாலு மணிக்கு மாஸ்டரு கத்தினது எங்க வீட்டு மாடிவரைக்கும் கேட்டுச்சு சார். 'முடியாது முடியாது'ன்னு. அந்த மேக்கப் பொண்ணு உள்ள இருந்தா. அப்புறம் அவ போயிட்டா. ஆறரைக்குப் பெரியவரோட பொண்ணு காரு வந்துச்சு, வந்த சுருக்கில போயிடுச்சு. அதுக்கப்புறம் ஒரு சத்தம் இல்ல. எட்டு மணிக்கு மறுபடியும் மேக்கப் பொண்ணு பூவோட வந்தா."

இன்ஸ்பெக்டருக்கு அது போதும். வேனைச் சோதனை போடச் சொன்னார். ஓர் அட்டைப்பெட்டியில் பெரியவரின் மருந்து டப்பா கிடைத்தது. அதற்குள் தூக்க மாத்திரை பாட்டில். காலி.

மேக்கப் பொண்ணைச் சமையலறையில் நிறுத்தி விசாரித்தார். குழாயைப் பார்க்கிற சாக்கில் சல்லடையும் அங்கேயே நின்றாள்.

"மருந்து உன் வண்டிக்கு எப்படி வந்துச்சு?"

"சொந்தச் சாமான் எதுவும் வீட்டுல இருக்கக்கூடாது சார். வர்றவங்க மருந்து டப்பாவைப் பார்த்தா வியாதிக்காரர் வீடுன்னு முகம் சுளிப்பாங்க. அதனால நேத்து காலையிலேயே பெட்டி கட்டிட்டேன்."

"பாட்டில் ஏன் காலி?"

"திறந்தே பார்க்கல சார்."

"எட்டு மணிக்கு ஏன் வந்த?"

"பூ வைக்க. பூ வாடிடும்னு எல்லாம் முடிஞ்சப்புறம்தான் வைப்போம். உள்ள வந்தா ஹால்ல இருந்தே கட்டில்ல அவர் கால் தெரிஞ்சுது. விளக்கு எரிஞ்சுட்டு இருந்துச்சு. தூங்கறாருன்னு நெனச்சு மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வெச்சேன். போர்வையை இழுத்து விட்டேன். கை ஜில்லுன்னு இருந்துச்சு. ஏசி ஓடுதே, அதான்னு நெனச்சுட்டேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று தன் கையைப் பார்த்தாள். "செத்துப்போனவருக்கா சார் நான் போர்வை போத்திவிட்டேன்?"

"நடிக்காதே. பொண்ணு வீட்டுக்குப் போக வேண்டிய மனுஷன் ஏன் இங்கயே படுத்தாரு?"

அவள் தட்டிலிருந்த மெழுகு ஆப்பிளை நகர்த்தி வைத்தாள்.

"நாலு மணிக்கு என்ன சண்டை?"

"சண்டை இல்ல சார்."

"பின்னே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதை நான் சொல்ல முடியாது. சொல்லக்கூடாதுன்னு அவர் சத்தியம் வாங்கியிருக்காரு."

"ஸ்டேஷன்ல உட்கார வெச்சா சத்தியமெல்லாம் தானா கழண்டுக்கும். ஏத்துய்யா ஜீப்புல."

அப்போதுதான் அந்தப் பெண்ணுக்கு விஷயம் உறைத்தது. இன்ஸ்பெக்டரின் கையைப் பிடிக்காத குறை. "சார், என் தொழில் அடுத்தவங்க வீட்டுச் சாவியை வாங்கிக்கறது சார். கொலைகாரின்னு ஒரு நாள் ஜீப்புல ஏறினா, அப்புறம் யாரு சார் என்னை நம்பி வாசற்படி ஏத்துவாங்க? எனக்கு வேற ஒண்ணும் தெரியாது சார்."

கூட்டம் வழிவிட்டது. ஜீப்பின் பின் சீட்டில் அவளை உட்கார வைத்தார்கள்.

சேதி போய் முதலில் வந்தது பெரியவரின் மகன். உள்ளே வந்து அப்பாவைப் பார்த்தான், வெளிறிப்போனான், புரோக்கர் பக்கம் திரும்பினான். "அண்ணே, இனிமே இந்த வீடு விக்குமா?"

ஹாலில் அத்தனை பேரும் விக்கித்துப்போனார்கள். 'ம்' தவிர வேறு பேசாத சல்லடையின் கணவரே "சீ!" என்றார். இன்ஸ்பெக்டர்கூட ஒரு வினாடி அவனை உற்றுப் பார்த்தார். ஆனால் புரோக்கர் குறுக்கே விழுந்து சொல்லிவிட்டார்: முந்தின நாள் மத்தியானத்திலிருந்து கடை சாத்துகிறவரை அவன் புரோக்கர் ஆபீஸில்தான் உட்கார்ந்து விலை பேசிக்கொண்டிருந்தானாம். நாக்குதான் கெட்டது, ஆள் அங்கே இல்லை.

பிறகு மகள் வந்தாள். வந்த வேகத்தில் கட்டிலில் விழுந்து, "அப்பா, என் வீட்டுக்கு வர்றேன்னீங்களே அப்பா!" என்று கதறினாள். கூட்டத்தில் பாதிப்பேர் அழுதுவிட்டார்கள். பக்கவாதத்தில் கிடந்த அம்மாவைப் பத்து வருஷம் கட்டிலோடு வைத்துப் பார்த்தவள். இப்போது வீட்டை விற்றதும் அப்பாவையும் தன்னோடு அழைத்துக்கொள்ள இருந்தவள். "பெத்தா இப்படி ஒரு பொண்ணைப் பெக்கணும்," என்று எதிர்வீட்டு அம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "நேத்து வந்தீங்களாம்மா?"

"ஆறரைக்கு வந்தேன் சார், அப்பாவைக் கூட்டிட்டுப் போக. பின்பக்கச் சாவி என்கிட்ட இருக்கு. வந்து பார்த்தா இந்த ரூம் கதவு சாத்தியிருந்துச்சு. தட்டினேன். 'அலுப்பா இருக்கும்மா, இன்னிக்கு இங்கயே படுத்துக்கறேன், காலையில வா'ன்னு உள்ள இருந்தே குரல் கொடுத்தாரு. தூங்கட்டும்னு போயிட்டேன். கதவைத் திறந்து ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்திருக்கக்கூடாதா, பாவி நான்!"

இன்ஸ்பெக்டர் திருப்தியாகத் தலையை ஆட்டினார். ஆறரைக்கு ஆள் உயிரோடு இருந்தார். அதற்கப்புறம் இந்த வீட்டுக்குள் வந்தவள் மேக்கப் பொண்ணு ஒருத்திதான். மருந்து அவளிடம், சண்டை அவளோடு. கேஸ் முடிந்தது, சாப்பாட்டுக்கும் நேரம் சரியாக இருந்தது.

"தம்பி, ஒரு நிமிஷம்," என்றாள் சல்லடை.

"யாரும்மா நீங்க? வீடு பார்க்க வந்தவங்கதானே? பார்த்தாச்சுல்ல, கிளம்புங்க."

"நான் பார்த்துட்டேன் தம்பி. நீங்கதான் இன்னும் பார்க்கல."

புரோக்கர் கண்ணை மூடிக்கொண்டார். இந்த அம்மாள் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

"டம்ளர்ல இருந்தது பாலு. இந்த வீட்டுல பிரிட்ஜ் ஓடல, அடுப்புல கேஸ் இல்ல, பழம்கூட மெழுகு. அப்ப பால் எங்கிருந்து வந்துச்சு?"

"அந்தப் பொண்ணு கொண்டு வந்திருப்பா."

"எதுல கொண்டு வந்தா? பூவோடதான் வந்தான்னு எதிர்வீட்டம்மா சொல்றாங்க. பால் வந்த பாத்திரம் எங்கே? வீட்டுலயும் இல்ல, வண்டியிலயும் இல்ல. கொண்டு வந்தவங்க அதைத் திருப்பி எடுத்துட்டுப் போயிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் முகம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை. "சரி, அதனால என்ன?"

"சொல்றேன். ஆனா எல்லார் முன்னாடியும் வேணாம், தெருவே நின்னு கேட்டுட்டு இருக்கு." சல்லடை மகளைப் பார்த்து, சாவு வீட்டில் பேசுகிற மெல்லிய குரலில் சொன்னாள். "நீங்கதானேம்மா கிட்ட நிக்கறீங்க. கொஞ்சம் அந்தக் கதவைச் சாத்துங்களேன்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலுக்குப் போனாள். கான்ஸ்டபிள் உள்ளே நகர்ந்து இடம் விட்டார். வலது பக்கத் திரைக்குப் பின்னால் அவள் கை போனது. கதவின் விளிம்பைத் தேடியது. இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ச் சுவரைத் தடவியது. பிறகு இடது பக்கத் திரைக்குப் பின்னால் போனது. அங்கேயும் தடவியது. அவள் கை திரைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"கிடைக்காதும்மா," என்றாள் சல்லடை. "அங்க கதவே இல்ல."

இன்ஸ்பெக்டர் பாய்ந்துபோய்த் திரையைப் பிடித்து இழுத்தார். நாடா அறுந்தது. வெறும் நிலை. கீல் இருந்த இடமெல்லாம் அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தது. காலையிலிருந்து அந்த வாசலில் போனதும் வந்ததுமாக இருந்த மனுஷர், பேயறைந்தவர் மாதிரி நின்றார். கையை விரித்துக் கூட்டத்தைத் தடுத்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிளுக்கோ இப்போதுதான் தான் ஏன் அப்படி நின்றோம் என்று விளங்கியது.

"அந்தப் பொண்ணை உள்ள கூட்டிட்டு வாய்யா!"

மேக்கப் பொண்ணு மிரண்டுபோய் வந்து நின்றாள்.

"இந்தக் கதவு எங்கே?"

"பின்னாடி ஷெட்ல இருக்கு சார். ரூம் சின்னது. கதவு திறந்தா கட்டிலுக்கு முட்டும். கதவைக் கழட்டிட்டா ரூம் பெருசாத் தெரியும், சின்ன ரூமுக்கெல்லாம் நாங்க அப்படித்தான் செய்வோம். வீடு வித்ததும் மாட்டிக் கொடுத்துடுவோம்."

"எப்ப கழட்டின?"

"நேத்து மத்தியானம் சார். மூணு மணிக்கெல்லாம் பெயின்ட்டே அடிச்சு முடிச்சாச்சு."

சல்லடை கட்டிலோரம் உட்கார்ந்தாள். "மூணு மணிக்குக் கழட்டின கதவை ஆறரைக்கு எப்படிம்மா தட்டினீங்க?"

"பதட்டத்துல... எனக்கு... குரல் கேட்டுச்சு, அது நிச்சயம்."

"யார் குரல்? மாஸ்டரு குரலா? நாலு மணிக்கு அவர் பேசினது எதிர்வீட்டு மாடிக்குக் கேட்டிருக்கு. உங்க கார் வந்ததையும் போனதையும் பார்த்த அதே அம்மாவுக்கு ஆறரைக்கு அவர் குரல் கேக்கலையே. நீங்க ஹால்வரைக்கும் வந்திருந்தாக்கூட அவர் கால் தெரிஞ்சிருக்கும், கதவு இல்லைங்கறதும் தெரிஞ்சிருக்கும். பின்வாசல் வழியா வந்த நீங்க சமையல்கட்டைத் தாண்டி வரவே இல்ல. வர உங்களுக்குத் தைரியம் இல்ல. வெச்சதை எடுத்துட்டு ஓடிட்டீங்க." பிறகு மேக்கப் பொண்ணைப் பார்த்தாள். "நேத்து பெரியவர்கிட்ட பாத்திரம் ஏதாவது இருந்துச்சாம்மா?"

"பச்சைக் கலர் பிளாஸ்க் ஒண்ணு இருந்துச்சு. காலையில பொண்ணு வந்து கொடுத்துட்டுப் போனதாம். 'அஞ்சு மணிக்கு மறக்காம குடிக்கணும்னு என் பொண்ணு ஆர்டர்'னு மடியிலேயே வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. போட்டோ எடுக்க இடைஞ்சலா இருக்குன்னு நான்தான் வாங்கிச் சமையல் மேடையில வெச்சேன். நான் கிளம்பும்போது அங்கதான் இருந்துச்சு." அவள் குழப்பத்தோடு சுற்றிப் பார்த்தாள். "ஏன் சார், இப்ப அது அங்க இல்லையா?"

மகளின் காரில், முன் சீட்டுக்கு அடியில், துணிப்பைக்குள் அந்தப் பச்சை பிளாஸ்க் இருந்தது. கழுவக்கூட இல்லை. அடியில் அதே வெள்ளை மாவு. அப்பாவின் மாத்திரை பாட்டில், பெட்டிக்குள் போவதற்கு முன்பே எப்படிக் காலியானது என்பதும் விளங்கியது.

இன்ஸ்பெக்டர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தார். எதிர்வீட்டு அம்மாள் "அடிப்பாவி" என்றாள், அதையும் பாதியில் விழுங்கிவிட்டாள். மகன்தான் வாய் திறந்தான்.

"அக்கா... நீயா? அப்பாவையா?"

"நீ பேசாதே." மகள் குரலில் இப்போது அழுகை இல்லை. "நீ பேசவே பேசாதே. பத்து வருஷம் அம்மா படுக்கையில கிடந்தாங்க. குளிப்பாட்டினது நான், ஊட்டினது நான், மலம் அள்ளினது நான். நீ மாசத்துக்கு ஒரு தடவை வந்து 'அக்கா மாதிரி வருமா'ன்னு சொல்லிட்டுக் காப்பி குடிச்சுட்டுப் போன. அம்மா போன அன்னிக்கு எல்லாரும் அழுதீங்க. நான் போய்ப் படுத்துத் தூங்கினேன். அப்புறம் வீட்டை விப்போம், அப்பா அக்கா வீட்டுக்குப் போயிடட்டும்னு நீயே முடிவு பண்ணிட்ட. என்னை ஒரு வார்த்தை கேட்டியா? யாராவது கேட்டாங்களா?"

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லலாம்டா. 'பெத்தா இப்படி ஒரு பொண்ணைப் பெக்கணும்'னு சொல்ற இத்தனை வாய்க்கு முன்னாடி எப்படிடா சொல்றது? எனக்கு அந்த ஒரு வார்த்தை வரலடா."

ஹாலில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சல்லடை கோர்ட்டில் எத்தனையோ வாக்குமூலம் டைப் அடித்திருக்கிறாள். எதற்கும் அவள் விரல் நின்றதில்லை. இன்றைக்கு இதை அடிக்கச் சொன்னால் அவளால் முடியாது என்று தோன்றியது.

இன்ஸ்பெக்டர் மேக்கப் பொண்ணிடம் திரும்பினார். மரியாதை தானாக வந்திருந்தது. "உங்களை விட்டாச்சு, நீங்க போகலாம். ஆனா அந்த நாலு மணி விஷயம் என்ன? அதைச் சொல்லியிருந்தா உங்களை ஜீப்புல ஏத்தியிருக்கவே மாட்டேனே."

"சொல்லியிருந்தா இன்னும் சீக்கிரம் ஏத்தியிருப்பீங்க சார்." அவள் மகளைப் பார்த்தாள், உடனே பார்வையை மாற்றிக்கொண்டாள். "வேணாம் சார். இப்ப அதைச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

"சொல்லுங்க," என்றாள் மகள். "என்கிட்ட மறைக்க இனிமே என்ன இருக்கு?"

மேக்கப் பொண்ணு அறுந்து கிடந்த திரை நாடாவை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"வேலை முடிஞ்சதும் அவரைக் கூப்பிட்டு வீட்டைக் காட்டினேன். ஒவ்வொரு ரூமா நடந்தாரு. 'இது என் வீடாம்மா? இவ்வளவு வெளிச்சமா இருந்துச்சா என் வீடு?'ன்னு கேட்டாரு. கேட்டுட்டு ஒரே சிரிப்பு. 'விக்க முடியாது, முடியாது, எவன் வந்தாலும் முடியாது'ன்னு கத்தினாரு. அது கோபம் இல்ல சார், சந்தோஷம். எனக்குத்தான் கவலை வந்துடுச்சு, என் வேலையெல்லாம் வீணாப் போச்சேன்னு. அதை உங்ககிட்ட சொன்னா, வேலை போன ஆத்திரத்துல கொன்னுட்டேன்னு எழுதிடுவீங்கன்னு பயந்தேன்."

"சத்தியம்னீங்களே, அது?"

"'சமையலுக்கு ஒரு ஆள் வெச்சுக்கிட்டு நான் இங்கயே இருந்துடுவேன்'னாரு. 'என் பொண்ணு அவங்க அம்மாவுக்குச் செஞ்சது போதும். நான் வேற போய் அவ தலையில உட்கார மாட்டேன். வாயைத் திறந்து சொல்ல மாட்டா அவ, ஆனா எனக்குத் தெரியும்'னாரு. இந்தச் சேதி முதல்ல அவ காதுலதான் விழணும், அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கினாரு. அதான் சார் அவர் இங்கயே படுத்துக்கிட்டாரு. நானும் ஒண்ணும் நடக்காத மாதிரி வந்து பூ வெச்சேன்."

மகள் அசையவில்லை. "எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே," என்றாள்.

"பண்ணுங்கன்னு நான் சொன்னேன்மா. என் போனை எடுத்தே நீட்டினேன். 'வேணாம், காலையில அவ வருவா, நேர்ல சொல்றேன்'னாரு. 'அவ சிரிச்சு வருஷக்கணக்காச்சு, அதை நான் கண்ணால பார்க்கணும்'னாரு."

"நாலு மணிக்கா? நாலு மணிக்கே சொல்லிட்டாரா? பாலைக் குடிக்கறதுக்கு முன்னாடியே?"

மேக்கப் பொண்ணு தலையை ஆட்டினாள்.

மகள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். போர்வையை விலக்கி அப்பாவின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் அழுத அழுகையைக் கேட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு போக வந்த பெண் கான்ஸ்டபிள் பக்கத்தில் வர முடியாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள்.